சின்ன ரிவால்வரில் குறி ஏன் தவறுகிறது, வீட்டிலேயே எப்படிப் பழகுவது

டல்லாஸ் பக்கம் கடை நடத்தும் ஒருவர் கேட்டிருந்தார். கிரீன் கார்டு கைக்கு வந்த பிறகு பாதுகாப்புக்கென்று ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 ரிவால்வர் வாங்கியிருக்கிறார். முதல் நாளே ரேஞ்சுக்கு, அதாவது சுடும் பயிற்சிக் கூடத்துக்குப் போய் இரண்டு பெட்டி தோட்டாவைச் சுட்டுத் தீர்த்ததில் உள்ளங்கை வீங்கிவிட்டது. 7 கெஜத்தில் ஐந்துக்கு இரண்டுதான் பேப்பரில் விழுகிறது, அதுவும் இடப்பக்கம் கீழே. "இதை விற்றுவிட்டு 9 எம்எம் பிஸ்டல் வாங்கிவிடலாமா, பழகினால் சரியாகிவிடுமா? ஹெச்1பியில் இருக்கும் மச்சினரையும் ரேஞ்சுக்குக் கூட்டிப் போகலாமா?" என்பது அவர் கேள்வி.

விற்க அவசரப்படாதீர்கள். ஒரு மாதம் பொறுங்கள். "சின்னது, லேசானது, புதிதாகப் பழகுகிறவர்களுக்குச் சுலபம்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள், அதை நம்பித்தான் பெரும்பாலானவர்கள் இதை வாங்குகிறார்கள். லேசு என்பது பாக்கெட்டுக்குத்தான், கைக்கு இல்லை. கைத்துப்பாக்கிகளிலேயே சுடுவதற்குக் கடினமான வகைகளில் இதுவும் ஒன்று, ஆரம்பக்காரரின் கையில் போய்ச் சேர்வது பெரும்பாலும் இதுதான். நான் ஹூஸ்டனில் பல வருஷமாக இந்த மாதிரி ஐந்து தோட்டா ரிவால்வர்தான் வைத்திருக்கிறேன், முதல் ஆறு மாதம் உங்களைவிட மோசமாகச் சுட்டவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். 642-இன் எடை 400 கிராம் சொச்சம். அதன் ட்ரிக்கரை இழுக்கச் சுமார் 12 பவுண்டு, அதாவது ஐந்தரை கிலோ விசை வேண்டும். இந்த மாடலில் தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் சுத்தியல் உள்ளே மறைந்திருப்பதால் முன்கூட்டியே கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து வைக்கவும் வழியில்லை, ஒவ்வொரு சுடலுக்கும் அந்த ஒரே நீண்ட இழுப்புதான் தோட்டா இருக்கும் சிலிண்டரைச் சுழற்றி, சுத்தியலை ஏற்றி, விடவும் செய்கிறது. அரைக் கிலோகூட இல்லாத ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு, அதன் எடையைப்போல் பதின்மூன்று மடங்கு விசையால் அதில் ஒரு பகுதியை இழுக்கிறீர்கள், மிச்சப் பகுதி அசையாமல் இருக்க வேண்டும். வேலை அவ்வளவுதான். ஆனால் அது சுலபமில்லை.

இதற்கு மேல் குறிபார்க்கும் சைட்டுகளுக்கு இடையிலான தூரம் மூன்றரை அங்குலம் போலத்தான் இருக்கும். முன் சைட் ஒரு மில்லிமீட்டர் விலகினால் 7 கெஜத்தில் குண்டு ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் தள்ளி விழும். பயமுறுத்தவில்லை, ஆறுதலுக்காகச் சொல்கிறேன்: 7 சென்டிமீட்டர் தள்ளி விழுந்தாலும் பேப்பரில்தான் விழும். உங்களுக்கு மூன்று தோட்டா பேப்பருக்கே போகவில்லை என்றால், தப்பு சைட்டில் இல்லை, கண்ணிலும் இல்லை. வலக்கைக்காரருக்கு இடப்பக்கம் கீழே விழுவது பழைய கதை. வெடிச் சத்தமும் உதையும் வரப்போகிறது என்று உடம்புக்குத் தெரியும், அதை எதிர்த்து மணிக்கட்டு ஒரு நொடி முன்னாலேயே கீழே அமுக்குகிறது, அதே நேரம் மொத்தக் கையும் சேர்ந்து இறுகுகிறது. அதுவும் முதல் நாளே நூறு தோட்டா! உள்ளங்கை வீங்கும்வரை சுட்டதில் நீங்கள் பழகியது சுடுவதை இல்லை, பயப்படுவதை.

ஐந்து தோட்டாதானே என்று குறைப்படுகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. கோல்ட் கம்பெனியின் டிடெக்டிவ் ஸ்பெஷல் 1927-லேயே ஆறு தோட்டாவோடு வந்தது. 1950-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் சீஃப்ஸ் ஸ்பெஷலைக் கொண்டு வந்தபோது ஒரு தோட்டாவை விட்டுக்கொடுத்து சிலிண்டரை ஒல்லியாக்கினார்கள். இன்றும் 642 பேண்ட் பாக்கெட்டில் அடங்குவதற்குக் காரணம் அந்தப் பேரம்தான்.

சரி, என்ன செய்வது. முதல் இரண்டு வாரம் ரேஞ்ச் பக்கமே போகாதீர்கள். வீட்டில் தோட்டா இல்லாமல் ட்ரிக்கர் இழுத்துப் பழகுங்கள், ட்ரை ஃபயர் என்பார்கள். இதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டு விபத்தில் முடித்தவர்கள் உண்டு, அதனால் ஒழுங்கு முக்கியம். தோட்டாக்கள் வேறு அறையில் இருக்க வேண்டும், அதே அறையின் அலமாரியில் இல்லை, வேறு அறையில். சிலிண்டரைத் திறந்து ஐந்து துளைகளையும் கண்ணால் எண்ணுங்கள், பிறகு விரலால் தொட்டு எண்ணுங்கள். குறிவைக்கும் சுவர் எது என்பதையும் யோசியுங்கள். இங்கே வீட்டுச் சுவர் நம்ம ஊர்ச் செங்கல் சுவர் இல்லை, மரச்சட்டத்தின்மேல் அடித்த ஷீட்ராக் பலகை, தப்பித்தவறி ஒரு தோட்டா வெடித்தால் அடுத்த அறையையும் தாண்டிப் போகும். நான் கராஜில் மணல் நிரப்பிய வாளிகளை அடுக்கி, அதன் முன்னால் சின்ன வட்டம் ஒட்டி வைத்திருக்கிறேன். பயிற்சி முடிந்ததும் "முடிஞ்சது" என்று வாய்விட்டுச் சொல்வேன், மனைவிக்கு இன்னமும் சிரிப்பு. ஆனால் அந்தச் சத்தம் தேவை. துப்பாக்கியில் மறுபடி தோட்டா போட்ட பிறகு "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று தோன்றும் பாருங்கள், அந்த ஒரு தடவைதான் சுவரில் ஓட்டை போடும்.

ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் போதும். ஸ்னாப் கேப் எனப்படும் போலித் தோட்டா ஐந்து வாங்கிக்கொள்ளுங்கள், இந்த ரிவால்வரை வெறுமனே சொடுக்கினாலும் கெடாது, ஆனாலும் அவை பின்னால் வேறு பயிற்சிக்கு உதவும். முன் சைட்டைப் பார்த்துக்கொண்டே ட்ரிக்கரை ஒரே வேகத்தில், நடுவில் நிறுத்தாமல், பின்னால் முட்டும்வரை இழுங்கள். முக்கால்வாசி இழுத்து நிறுத்தி, குறியைச் சரிபார்த்து, மிச்சத்தை வெடுக்கென்று இழுக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. மேஜைமேல் சாய்த்துச் சாவகாசமாகச் சுடும்போது அது பலன் தரலாம். பயத்தில் கை நடுங்கும்போது அந்த நிறுத்தம் எங்கே வருகிறது என்று யாருக்கும் பிடிபடாது. கிணற்றில் ராட்டினக் கயிறு இழுப்பதுபோல ஒரே சீராக இழுத்தால் போதும்.

சீராக இழுக்கிறீர்களா என்று பார்க்க, குழலின் மேல் ஒரு டைம் (பத்து சென்ட்) நாணயத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். முதல் நாள் நாணயம் தரையில்தான் கிடக்கும். அது விழாமல் தொடர்ந்து இருபது தடவை வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

அதே அளவு கவனம் ட்ரிக்கரை விடுவதிலும் வேண்டும், இதை யாரும் சொல்லித் தருவதில்லை. பிஸ்டலில் பழகியவர்கள் ட்ரிக்கரைக் கொஞ்சம் விட்டதுமே அடுத்த தடவை இழுப்பார்கள். ரிவால்வரில் அது முழுக்க முன்னால் வந்தே ஆக வேண்டும். அரைகுறையாக விட்டு மறுபடி இழுத்தால் ட்ரிக்கர் சிக்கிக்கொள்ளும், அல்லது சிலிண்டர் ஒரு துளை தள்ளிச் சுழன்று சுடாத தோட்டாவைத் தாண்டிப் போய்விடும். ஐந்தில் ஒன்று வீண். வேகமாகச் சுட ஆரம்பிக்கும்போது இது கட்டாயம் வரும்.

பிடி விஷயத்தில் மூன்று சங்கதி. கையை எவ்வளவு மேலே ஏற்ற முடியுமோ அவ்வளவு மேலே வைத்துப் பிடியுங்கள், உதை அப்போது குழலை அதிகம் தூக்காது. கட்டைவிரல்கள் இரண்டையும் கீழ்நோக்கி மடக்குங்கள். பிஸ்டல் வீடியோக்களில் காட்டுவதுபோல முன்னால் நீட்டினால், சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் சூடான வாயுவும் ஈயத் துகளும் பக்கவாட்டில் சீறி வரும், விரல் அங்கே இருந்தால் வெட்டிவிடும். அப்புறம் ஆள்காட்டி விரலின் நுனிச் சதையால் இந்த ட்ரிக்கரை இழுக்கப் பார்க்காதீர்கள், முதல் மடிப்புவரை உள்ளே விடுங்கள், பலம் கிடைக்கும். துப்பாக்கியோடு வரும் பிடி குட்டையாக இருப்பதால் சுண்டுவிரலுக்கு இடமில்லை. பயிற்சிக்கென்று கொஞ்சம் நீளமான, பின்பக்கத்தையும் மூடும் ரப்பர் பிடி ஒன்று போட்டுக்கொள்ளுங்கள், உங்கள் வீக்கத்தில் பாதி அதிலேயே போய்விடும். என்ன, ரப்பர் பேண்ட் துணியில் ஒட்டிக்கொள்ளும், பாக்கெட்டிலிருந்து உருவும்போது துணியும் கூடவே வரும். இடுப்பில் மாட்டும் ஹோல்ஸ்டரில் (துப்பாக்கி உறையில்) வைப்பதானால் அந்தத் தொல்லை இல்லை.

மூன்றாம் வாரம் ரேஞ்சுக்குப் போங்கள். முப்பது தோட்டா எடுத்துப் போனால் போதும், அதற்கு மேல் வேண்டாம். 148 கிரெய்ன் வாட்கட்டர் என்று கேட்டு வாங்குங்கள், தட்டையான மூக்குள்ள, மெதுவாகப் போகும் .38 ஸ்பெஷல் தோட்டா அது. உதை குறைவு, பேப்பரில் பஞ்ச் மெஷின் போட்டதுபோல வட்டமாக ஓட்டை விழும். பிளஸ் பி எனப்படும் அதிக அழுத்தத் தோட்டாவை இந்தத் துப்பாக்கி தாங்கும், உங்கள் கை இப்போதைக்குத் தாங்காது. பாதுகாப்புக்கென்று எதைப் போட்டு வைக்கப் போகிறீர்களோ அதில் கடைசியாக ஐந்து சுட்டுப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள். லேசான ரிவால்வரில் இன்னொரு தொந்தரவும் உண்டு, உதையில் சுடாத தோட்டாக்களின் குண்டு உறையிலிருந்து மெல்ல முன்னால் நகரும், அதிகம் நகர்ந்தால் சிலிண்டர் சுழலாமல் நின்றுவிடும். அதனால் நாலு சுட்டதும் நிறுத்தி ஐந்தாவதை எடுத்துப் பாருங்கள். நீளம் மாறியிருந்தால் அந்த வகைத் தோட்டா உங்கள் துப்பாக்கிக்கு ஆகாது.

ரேஞ்சில் முதல் வேலை, இரண்டு நிஜத் தோட்டாவையும் மூன்று ஸ்னாப் கேப்பையும் கலந்து போட்டு, பார்க்காமல் சிலிண்டரைச் சுழற்றி மூடுவது. எது வெடிக்கும், எது வெடிக்காது என்று தெரியாது. வெடிக்காதபோது குழல் கீழே குத்தினால், திருடன் அகப்பட்டான். பிஸ்டலில் இதைச் செய்ய இன்னொருவர் மேகசீனை, அதாவது தோட்டா அடுக்கும் கூட்டை, நிரப்பிக் கொடுக்க வேண்டும், ரிவால்வரில் தனியாகவே செய்துகொள்ளலாம். எனக்கு இது அவமானமாகத்தான் இருந்தது. ரேஞ்சில் பக்கத்து லேனில் ஒரு பாட்டி தன் சின்ன ரிவால்வரில் நிதானமாகச் சுட்டுக்கொண்டிருந்தார், நான் வெடிக்காத தோட்டாவுக்குத் துப்பாக்கியைத் தரையைப் பார்த்துக் கும்பிடு போட வைத்தேன். அவர் பார்த்துச் சிரித்தார், ஒன்றும் சொல்லவில்லை.

தூரம் 3 கெஜத்தில் ஆரம்பித்து 5, பிறகு 7. பழைய சிடி ஒன்றை வைத்து வட்டம் வரைந்தால் கிட்டத்தட்ட 5 அங்குலம் வரும். 5 கெஜத்தில் நின்று, அந்த வட்டத்துக்குள் ஐந்து தோட்டா, ஐந்து வினாடிக்குள். இதை அடுத்தடுத்து ஐந்து தடவை செய்துகாட்டினால் இந்தத் துப்பாக்கியில் நீங்கள் தேறியவர் என்று வைத்துக்கொள்ளலாம். முதல் மாதம் நேரத்தை மறந்துவிட்டு வட்டத்தை மட்டும் பாருங்கள். டெக்சஸில் 2021 செப்டம்பர் 1 முதல் தகுதியுள்ள 21 வயதானவர் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துப் போகலாம் என்றாலும், லைசென்ஸ் டு கேரி வகுப்பில் சேரச் சொல்வேன், சட்டம் தெரிந்துகொள்ளவாவது. அதன் சுடும் தேர்வில் 50 தோட்டா, 3 கெஜத்தில் 20, 7-இல் 20, 15-இல் 10. 250-க்கு 175 எடுத்தால் பாஸ். உங்கள் 642-வை வைத்தே அதை எழுதுங்கள், 15 கெஜத்தில் அந்தப் பத்துத் தோட்டா உங்களுக்கு நிறையக் கற்றுத் தரும்.

ஒற்றைக் கையால் சுடுவதை யாரும் பழகுவதில்லை. 1986 ஏப்ரல் 11-இல் மயாமியில் எஃப்பிஐ ஆட்களுக்கும் இரண்டு கொள்ளையர்களுக்கும் நடந்த சண்டையில், எட்மண்டோ மிரெலெஸ் என்ற ஏஜென்ட் இடக்கை சிதைந்த நிலையில் ஷாட்கன்னை ஒரு கையாலேயே இயக்கிவிட்டு, கடைசியில் ரிவால்வரால்தான் சண்டையை முடித்தார். நமக்கு அந்த அளவு வேண்டாம். ஆனால் கடையில் ஒரு கையில் குழந்தையோ, சாவியோ, போனோ இருக்கும். ஒவ்வொரு முறை ரேஞ்சுக்குப் போகும்போதும் 3 கெஜத்தில் வலக்கையால் ஐந்து, இடக்கையால் ஐந்து. இடக்கைக்கு ஐந்தரை கிலோ இழுப்பு என்னவென்று அப்போது புரியும்.

பாக்கெட்டிலிருந்து எடுப்பதைப் பெரும்பாலான ரேஞ்சுகளில் அனுமதிக்க மாட்டார்கள், வீட்டில் வெறும் துப்பாக்கியோடுதான் பழக வேண்டும். பாக்கெட் ஹோல்ஸ்டர் இல்லாமல் ஒருநாளும் வைக்காதீர்கள், ட்ரிக்கர் மூடியிருக்க வேண்டும். அந்தப் பாக்கெட்டில் வேறு எதுவும் கூடாது, சாவி, சில்லறை, ஹால்ஸ் மிட்டாய் எதுவும். பாக்கெட்டுக்குள் முஷ்டியாக மடங்கிய கை பாக்கெட்டின் வாயில் சிக்கும், அதனால் கட்டைவிரலை துப்பாக்கியின் முதுகில் நீட்டி வைத்து உருவுங்கள், வெளியே வந்ததும் பிடிக்குக் கொண்டுவாருங்கள். உருவி முன்னால் நீட்டும்வரை ஆள்காட்டி விரல் வெளியேதான் இருக்க வேண்டும். ஒருமுறை காருக்குள் சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்துகொண்டு, வெற்றுத் துப்பாக்கியோடு எடுத்துப் பாருங்கள். வராது. உட்கார்ந்தபடி வண்டி ஓட்டுகிறவருக்குப் பாக்கெட் சரியான இடம் இல்லை என்று நான் கண்டுபிடித்தது அப்படித்தான்.

மறுபடி நிரப்புவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 1970 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் நியூஹாலில் நான்கு நெடுஞ்சாலைக் காவலர்கள் கொல்லப்பட்டார்கள், அதில் ஒருவர் ரிவால்வரில் ஒவ்வொரு தோட்டாவாக நிரப்பிக்கொண்டிருந்தபோது சுடப்பட்டார். அந்தக் காவல்துறை எல்லாத் தோட்டாவையும் ஒரே தடவையில் நிரப்பும் ஸ்பீட்லோடருக்கு மாறியது அதற்குப் பிறகுதான். குழலை வானத்தைப் பார்த்து நேராகத் தூக்கி, எஜெக்டர் கம்பியை உள்ளங்கையால் ஒரே அடி. மென்மையாகத் தள்ளக் கூடாது. சின்ன ரிவால்வரில் அந்தக் கம்பி குட்டை, காலி உறைகளை முழுக்க வெளியே தள்ளாது, அடிக்கிற வேகத்தில்தான் அவை பறந்து விழ வேண்டும். ஒருமுறை நான் குழலைச் சாய்த்து வைத்து அடித்ததில் ஒரு காலி உறை, உறைகளைத் தூக்கும் நட்சத்திரத் தகட்டுக்குக் கீழே நழுவி மாட்டிக்கொண்டது, நகத்தால் நெம்பி எடுக்க இரண்டு நிமிஷம் ஆயிற்று. பிறகு குழலைக் கீழே திருப்பி நிரப்ப வேண்டும். ஸ்பீட் ஸ்ட்ரிப் எனப்படும் ரப்பர் பட்டை பாக்கெட்டில் தட்டையாகக் கிடக்கும், இரண்டிரண்டாக நிரப்பலாம். உண்மையைச் சொன்னால், நிரப்பும் வேகத்துக்குச் செலவழிக்கும் நேரத்தை முதல் ஐந்து தோட்டா விழும் இடத்துக்குச் செலவழிப்பேன். வாரம் ஒருமுறை நாலைந்து தடவை நிரப்பிப் பார்த்தால் போதும். அந்த நட்சத்திரத் தகட்டுக்குக் கீழே எரியாத மருந்துத் துகள் சேர்ந்தால் சிலிண்டர் மூடாது, பழைய டூத் பிரஷால் தட்டிவிடுங்கள்.

கடைக்காரர் என்பதால் இன்னொன்று. கல்லாவைக் கேட்டு வருகிறவனிடம் கல்லாவைக் கொடுத்துவிடுங்கள். இந்தப் பயிற்சியெல்லாம் உங்கள் உயிரோ, கடையில் வேலை பார்க்கும் பையனின் உயிரோ போகும் நிலைக்குத்தான். வீட்டில் குழந்தைகள் இருந்தால் பூட்டிய சின்னப் பெட்டி ஒன்றும் வாங்குங்கள். டெக்சஸில் தோட்டா போட்ட துப்பாக்கியை அலட்சியமாக வைத்து, அது 17 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் கைக்குப் போய்விட்டால் வைத்தவர்மேல் குற்றம்.

மச்சினர் விஷயம். இதில் விளையாடாதீர்கள். ஹெச்1பி, எல்1, எஃப்1 போன்ற நான்-இமிக்ரன்ட் விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் தடை செய்கிறது. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுட்டாலும், உங்களுடையதை ஐந்து நிமிஷம் வாங்கிச் சுட்டாலும் அதில்தான் சேரும், தெரிந்தே கொடுத்த உங்களுக்கும் சிக்கல். உங்கள் கிரீன் கார்டையே பதம் பார்க்கலாம். விதிவிலக்குகளில் நம் ஆட்களுக்குப் பயன்படுவது ஒன்று, அமெரிக்காவில் ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் கையில் இருக்க வேண்டும். டெக்சஸில் ஒரு வருஷ வேட்டை லைசென்ஸ் எந்த மாதம் வாங்கினாலும் ஆகஸ்ட் 31-ஓடு முடிந்துவிடும், அதனால் ஜூலையில் வாங்கியவர் செப்டம்பரில் "ரெண்டு மாசம் முன்னாடிதானே எடுத்தேன்" என்று நினைத்துக்கொண்டு போய் நிற்பார். அவர் லைசென்ஸ் எடுக்கும்வரை, ரேஞ்சில் ஒத்துக்கொண்டால், பார்வையாளராகப் பின்னால் நிற்கட்டும். காதுக்குள் அடைப்பானும் அதற்கு மேல் இயர்மஃபும் இரண்டுமே போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், இரண்டு அங்குலக் குழலின் சத்தம் மூடிய ரேஞ்சில் பின்னால் நிற்பவரையும் சும்மா விடாது.